வெறுங்கைக் கணக்கு

ஏப்ரலில் தந்தார்கள், ஆளுக்கொரு கறுப்புக் கடிகாரம்.
நேரமும் காட்டும், அது கொசுறு.
எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுவதே அதன் வேலை.
மோந்தெவிதேயோவின் இந்தப் பழைய ஆஸ்பத்திரியில்
யார் அதிகம் நடப்பது என்று போட்டி.
மூன்று மாதம். பரிசு ஒரு சைக்கிள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
வில்மாருக்குத்தான், வேறு யாருக்கு?
என் பிழைப்பு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது.
அவசரப் பிரிவிலிருந்து எக்ஸ்ரே,
எக்ஸ்ரேயிலிருந்து ஆறாம் மாடி,
அங்கிருந்து அறுவை அரங்கு, மறுபடி ஆறாம் மாடி.
விடியும்போது காலணிக்குள் அடுப்பு எரியும்.

முதல் இரவு முடிந்து பார்த்தேன்.
எண்ணூற்றுப் பதினான்கு.

தட்டினேன். குலுக்கினேன்.
இரண்டு கூடியது.

சம்பளப் பிரிவு ஹேபருக்குப் பதினாறாயிரம்.
நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனிதர்,
முழங்கால் போய் நாலு வருஷம்.
ஆனால் ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் கந்தோம்பே வாசிப்பவர்,
மற்ற ஆறு நாளும் மேசையே மேளம்.
தட்டித் தட்டியே
பிரேசில் எல்லைவரை போய்விடுவார் போலிருந்தது.

"அது காலைப் பார்க்கிறதில்லை, வில்மார்," என்றாள்
எக்ஸ்ரே அறை நேலிதா.
"கை ஆடுகிறதா என்றுதான் பார்க்கிறது.
நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறாய்."
அவளுக்கும் நடந்ததாம்:
இடது கக்கத்தில் வெந்நீர்க் குடுவை,
அதே கையில் மாத்தேச் சுரைக்குடுக்கை,
ராம்ப்லா முழுக்க ஒரு மணி நேரம்,
ஆறா கடலா என்று தெரியாத அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தபடி.
வீட்டுக்கு வந்தால் கடிகாரம் சாதிக்கிறதாம்,
நீ உட்கார்ந்திருந்தாய் என்று.
அவள் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.
எனக்கு எந்தக் கை?

கணுக்காலில் கட்டிக்கொள் என்றார்கள்.
கட்டியிருப்பேன்.
ஆனால் அதற்குள்
எனக்கு அதைப் படிக்கத் தெரிந்துவிட்டது.

இரவு நெடுக ஒரே தட்டைக் கோடு.
இரண்டு நாற்பதுக்கு ஒரு மேடு.
இருநூற்றுப் பன்னிரண்டு அடி.
எனக்குத் தெரியும் அது எது என்று:
நிலவறையின் கடைசிக் கதவில்
கட்டிலோடு ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு,
வெறுங்கையை வீசிக்கொண்டு
திரும்பி வந்தது.

லிஃப்டில், "பந்தயம் என்ன ஆச்சு?" என்று கேட்டவர்
வியாழக்கிழமை நாலு பத்து.
மோதிரம் கழற்ற வராத அம்மாள்
வெள்ளி, பதினொன்று ஐம்பது.
தள்ளிக்கொண்டு போன தூரம் எதுவும் அதில் இல்லை.
விட்டுவிட்டு வந்தது மட்டும்
அடி பிசகாமல் இருக்கிறது.

அநியாயம் சொல்லக் கூடாது.
ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபது, இருபத்தாறு அடி.
எங்கே நடந்தேன் என்று மண்டையைக் குடைந்தேன்.
நடக்கவில்லை.
வாசலில் சக்கர நாற்காலியிலிருந்து குதித்து
அம்மாவிடம் நொண்டியே ஓடினானே பொடியன் லௌதாரோ,
அவனுக்கு,
டாக்ஸி திரும்பும்வரை
நின்ற இடத்தில் நின்றபடி கை அசைத்திருக்கிறேன்.

ஜூலையில் ஹேபருக்குச் சைக்கிள் கொடுத்தார்கள்.
கைதட்டலில் எல்லோருக்குமே நாற்பது ஐம்பது அடி கூடியது.
மிதிக்க முழங்கால் இல்லை, பேருந்தில் ஏற்ற விடமாட்டார்கள்.
"வில்மார், வீடுவரை கொஞ்சம்..." என்று இழுத்தார்.
அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு
ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து
ஐம்பது நிமிடம் தள்ளினேன்.
மணியைக்கூட அடித்துப் பார்க்கவில்லை.
அவர் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.
கிளம்பும்போது இருந்த அதே எண்.

திரும்பும்போது
இரண்டு கையையும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
குளிருக்காக என்றே
வைத்துக்கொள்ளுங்கள்.